லிவிங் நியூ டீல் இணைய வரைபடம்: மன்னார்குடியிலிருந்து ஒரு மதிப்பீடு

1930களின் பெருமந்தக் காலத்தில், வேலையிழந்தவர்களைக் கொண்டு அமெரிக்க மத்திய அரசு கட்டிய சாலைகள், பள்ளிகள், பாலங்கள், பூங்காக்கள் ஆகியவற்றை ஊர்வாரியாக வரைபடத்தில் குறித்துக் காட்டுகிறது 'லிவிங் நியூ டீல்' என்னும் இணையதளம். அந்தக் கால அரசின் நிவாரண, வேலைவாய்ப்புத் திட்டங்களுக்கு மொத்தமாக 'நியூ டீல்' என்று பெயர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்த முயற்சியை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நூறு நாள் வேலையைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசும் நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிப் பயன் உண்டு என்பதால்தான் எழுதுகிறேன்.

புதிதாக வருபவர் பெரிய நகரங்களை விட்டுவிட்டு, வாஷிங்டனை அடுத்துள்ள கிரீன்பெல்ட் என்ற சிற்றூரிலிருந்து தொடங்கலாம். மேட்டூர் அணை திறக்கப்பட்டதற்கு மறு ஆண்டு, அதாவது 1935இல் பணி தொடங்கி, 1937இல் குடியேற்றம் நடந்த இவ்வூரின் 885 வீடுகளும் நிவாரணத் தொழிலாளர்களைக் கொண்டு எழுந்தவை. அங்குள்ள ஏரியும் அவர்கள் வெட்டியதே. இயந்திரத்தால் விரைவில் முடியக்கூடிய வேலையை, கூடுதல் ஆட்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று மண்வெட்டியிடம் ஒப்படைத்தார்கள். நம் ஊர்க் குளங்களிலும் வாய்க்கால்களிலும் 2006இலிருந்து கட்டம் கட்டமாக வந்த நூறு நாள் வேலைத் திட்டத்தின் நோக்கமும் இதுதானே! நாகப்பட்டினம் முதல் கட்டத்திலேயே இடம்பெற்றது. தஞ்சாவூரும் திருவாரூரும் அடுத்த கட்டத்தில் சேர்ந்தன. "காம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குச் சம்பளமா?" என்று டீக்கடையில் கேட்கும் கேள்வியும் புதிதல்ல, மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவன் என்பதே அன்றைய அமெரிக்கத் தொழிலாளியைப் பற்றிய கேலிச்சித்திரமாக இருந்தது. ஆனால் அந்த 'சாய்ந்து நின்றவர்கள்' ஏறத்தாழ 85 லட்சம் பேர், டபிள்யூ.பி.ஏ. என்ற ஒரே வேலைவாய்ப்பு அரசு அமைப்பின்கீழ் 1935 முதல் 1943 வரை உழைத்தவர்கள். கிராமப்புறங்களில் அவர்கள் கட்டிய கழிப்பறைகள் மட்டும் 20 லட்சத்தைத் தாண்டும்.

தளத்தின் வலிமை, எந்த வேலை எந்தத் திட்டத்தின்கீழ் நடந்தது என்பதைப் பிரித்துக் காட்டுவதில் இருக்கிறது. அஞ்சல் நிலையச் சுவரோவியங்கள் எல்லாமே டபிள்யூ.பி.ஏ. கைவண்ணம் என்று அமெரிக்கர்களே நினைத்துக்கொள்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை கருவூலத் துறையின் கலைப்பிரிவு ஓவியர்களைத் தேர்ந்தெடுத்து வரையச் செய்தவை. மாநிலம், ஊர், திட்டம், கட்டட வகை என்று எப்படியும் தேடிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. தன்னார்வலர்கள் அனுப்பும் தகவலை நம்பி வளர்ந்த தொகுப்பு என்பதால், ஒரு பதிவில் படமும் விவரமும் கொட்டிக் கிடக்க, இன்னொன்று இரண்டு மூன்று வரிகளோடு நின்றுவிடுகிறது. கட்டியதைச் சொல்லும் அளவுக்கு, யாருக்காகக் கட்டினார்கள் என்பதை வரைபடப் புள்ளி சொல்வதில்லை. கிரீன்பெல்ட்டின் சமூகக் கூடத்துச் சுவரில் அமெரிக்க அரசமைப்புச் சட்ட முகவுரையின் கருத்துகளை லெனோர் தாமஸ் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார். ஆனால் கட்டுமானத்தில் கறுப்பினத் தொழிலாளர்களும் உழைத்திருந்தும், அந்த வீடுகளில் குடியேற வெள்ளையர்களை மட்டுமே அனுமதித்தார்கள். ஊர்த்தெரு வேறு, காலனி வேறு என்று வாழும் டெல்டா வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரைபடத்தோடு வேறு வரலாற்று நூல்களையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கும்.

தமிழில் வசதி இல்லை. கல்லூரி மாணவருக்கு அது தடையாக இராது. ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதைப் பரிந்துரைப்பேன். நம் பணித்தளங்களில் மதிப்பீட்டுத் தொகையும் மனித நாட்களும் எழுதி நட்ட பலகை இரண்டு மழைக்காலத்தில் வெளுத்துவிடுகிறது. பிறகு எந்தக் குளத்தை யார் தூர்வாரினார்கள் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. ஒரு ஒன்றியத்து வாய்க்கால்களையும் குளங்களையும் மட்டுமாவது இதே முறையில் குறித்துவைக்க, இந்தத் தளத்தின் பதிவு அமைப்பை அப்படியே மாதிரியாகக் கொள்ளலாம்: இடம், ஆண்டு, திட்டம், பழைய படம், இன்றைய நிலை.