எல்எம்எஸ் வாங்கும் முன் பேக்கப்பைத் திறந்து பாருங்கள்

நாங்கள் நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஆன்லைனில் கணக்குப் பாடம் நடத்துகிறோம். மாணவர்கள் நூறைத் தாண்டியதும் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வாங்குவது சரிப்படவில்லை. எந்த விடைத்தாள் யாருடையது என்று தேடுவதிலேயே ராத்திரி போய்விடும். சரி, பாடம், வீட்டுப்பாடம், மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து நடத்தும் ஆன்லைன் தளமான எல்எம்எஸ் ஒன்றை வாங்கிவிடுவோம் என்று ஒரு நிறுவனத்திடம் வருடச் சந்தா கட்டினோம்.

"முழுக்க நாங்களே உருவாக்கிய தளம்" என்றார் விற்க வந்தவர். டெமோவும் நன்றாகவே இருந்தது. முதல் வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் வருடப் பில்லில்தான் இடித்தது. படிப்பை முடித்துப் போன மாணவர்களையும் தலைக்கு இவ்வளவு என்று சேர்த்திருந்தார்கள். கேட்டால், "கணக்கை நீக்கிவிடுங்கள், ஆனால் மதிப்பெண்ணும் சேர்ந்து போகும்" என்று பதில். எனக்கு அப்போது விஷயம் தெரியாது, கட்டிவிட்டேன்.

அப்புறம் வேறொரு பள்ளியில் வேலை பார்க்கும் நண்பர் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது மூடில் (Moodle) ஆயிற்றே" என்றார். பிரவுசரில் தெரிந்த முகவரியின் அமைப்பு, வினாத்தாள் போடும் பக்கம், எல்லாம் அதேதான். லோகோவும் நிறமும் மட்டும் வேறு. மார்ட்டின் டூகியாமாஸ் ஆரம்பித்து, 2002ல் முதல் பதிப்பு வந்த திறமூல எல்எம்எஸ் மென்பொருள் அது. யார் வேண்டுமானாலும் இறக்கி நிறுவிக்கொள்ளலாம். அதை நிறுவிக் கொடுத்து, சர்வரைப் பராமரித்து, அதற்குக் காசு வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை. நாங்களே எழுதினோம் என்று சொன்னதுதான் பொய். மாணவரின் கணக்கை நீக்காமல் முடக்கி வைக்கும் வசதி மூடிலில் உண்டு என்பதையும் அந்த நண்பர்தான் சொன்னார். அப்படிச் செய்தால் மதிப்பெண் அப்படியே இருக்கும்.

விலகிவிடலாம் என்று தீர்மானித்தோம். பேக்கப் எடுக்கும் பொத்தான் எங்கள் லாகினில் இல்லவே இல்லை, அதை அடைத்து வைத்திருந்தார்கள். எழுதிக் கேட்டு, நினைவூட்டி, மறுபடி நினைவூட்டி, சந்தா முடிய நான்கு நாள் இருக்கும்போது கோப்பு வந்தது. நண்பரின் சோதனை சர்வரில் ஏற்றினால் ஏறவில்லை. அவர்களுடைய மூடில் பதிப்பு புதியது, நண்பருடையது பழையது. அவர் தன்னுடையதைப் புதுப்பித்து ஏற்றுவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது.

கடைசியில் திறந்தது. பாடங்கள் இருந்தன, வினாத்தாள்கள் இருந்தன. ஒரு மாணவர்கூட இல்லை. விடைத்தாள், மதிப்பெண், நாங்கள் ராத்திரி கண்விழித்து எழுதிய திருத்தக் குறிப்புகள், எதுவும் இல்லை.

மூடிலில் பேக்கப் எடுக்கும்போது பயனர் தரவைச் சேர்க்க வேண்டுமா என்று தனியாகக் கேட்கும். சாதாரணமாக அந்த உரிமை ஆசிரியருக்குக் கிடையாது, மேலாளருக்குத்தான். அந்த நிறுவனத்திடம் அந்த உரிமை இருந்தது, டிக் செய்யாமல் அனுப்பிவிட்டார்கள். போனில் கேட்டபோது, ஒப்பந்தத்தில் "பாட உள்ளடக்கம்" என்றுதான் இருக்கிறது, அதைக் கொடுத்தாயிற்று என்றார்கள். எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டது நான்தான்.

எனவே, வாங்கப்போகிறவர்களுக்கு: டெமோவிலேயே இரண்டு பொய் மாணவர்களைச் சேர்த்து, அவர்கள் பெயரில் விடை அனுப்பி, மதிப்பெண் போட்டு, அந்தக் கோர்ஸை பேக்கப் எடுத்து வேறிடத்தில் ஏற்றிப் பாருங்கள். அந்த இரண்டு பேரும் மதிப்பெண்ணோடு வந்து சேர்ந்தால் பணம் கட்டலாம். "ஸ்கார்ம் வடிவில் எடுத்துக்கொள்ளலாமே" என்று சமாதானம் சொல்வார்கள். வெவ்வேறு எல்எம்எஸ்களில் பாடத்தை ஏற்றுவதற்கான பொது வடிவம் அது. ஸ்கார்ம் கோப்பில் பாடம் வரும், மாணவரின் மதிப்பெண் வராது. வினா வங்கியை மூடில் எக்ஸ்எம்எல் வடிவில் கேளுங்கள், படங்களும் கூடவே வரும். கிஃப்ட் என்று இன்னொரு வடிவம் உண்டு, அது வெறும் எழுத்து, வடிவியல் கணக்குக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மதிப்பெண் பட்டியலை மாதா மாதம் எக்செலில் இறக்கி வைத்துக்கொள்வதற்கு யாருடைய தயவும் வேண்டாம். எங்களில் ஒருவர் மட்டும் அப்படிச் செய்துவந்தார், அவருடைய வகுப்பின் மதிப்பெண்கள் மட்டும் பிழைத்தன. இலவசத் தளம்தானே, இதெல்லாம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க ஆசிரியர்கள் பயன்படுத்திய எட்மோடோ என்ற இலவசத் தளத்தையே 2022 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

சந்தா முடிந்து 30 நாளில் எங்கள் தரவு முழுவதும் அழிக்கப்பட்டுவிட்டது என்று அந்த நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. போன வாரம் இன்னொரு மின்னஞ்சல் வந்தது: சந்தாவைப் புதுப்பித்தால் பழைய மாணவர் பதிவுகள் எல்லாவற்றையும் உடனே மீட்டுத் தருவார்களாம். இரண்டு மின்னஞ்சலையும் சேர்த்து இணைத்து, எது உண்மை என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.