முகக் கிரீம்: பூசிப் பார்த்ததில் குறையில்லை, பெட்டிதான் பிரச்சினை

அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று கடையில் பேச்சுவாக்கில் சொன்னேன், கடைக்காரர் கேட்காமலே ஒரு முகக் கிரீமை எடுத்து வைத்தார், "பொண்ணு கொஞ்சம் நெறமாத் தெரியும்க்கா." சரி என்று வாங்கி மூன்று வாரம் நானே பூசிப் பார்த்தேன். கிரீம் மோசமில்லை. பிசுபிசுப்பு இல்லை, பனிக்கு முகம் வறளவில்லை, வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கல். நிறம் மாறவில்லை.

எனக்குக் கோபம் அட்டைப்பெட்டி மேல்தான். ஓரத்தில் ஒரே பெண்ணின் முகம் நான்கு தடவை, இடது பக்கம் கறுத்து வாடி, வலப்பக்கம் போகப் போக வெளுத்து, கடைசி முகத்தில் மட்டும் சிரிப்பு. கறுப்பான முகம் சிரிக்கவே கூடாதா? கறுத்தவர்களை அழகற்றவர்களாகவோ சோகமானவர்களாகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி 2014-லேயே நெறிமுறை கொண்டுவந்துவிட்டது. 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லியே 2020-ல் 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. ஆனால் பெயர் மாறினால் போதுமா, 'பொலிவு', 'பிரகாசம்' என்று எழுதினாலும் நம் ஊர்க் காதுக்கு அது 'சிவப்பு' என்றுதான் கேட்கிறது, பெண் பார்க்க வருகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள் என்பது விளம்பரம் எடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பயத்தைத்தான் விற்கிறார்கள்.

முகம் வறளாமல் இருக்க வேண்டுமானால் வாங்கலாம், எனக்கு அதற்குத் தேங்காய் எண்ணெயே போதும். அண்ணன் மகளுக்கு இதைக் கொடுக்கவில்லை. அவள் நிறத்துக்கு எடுப்பாக மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன்.