பெசன்ட் நகர் பீச்ல ஹோம்ஸ்கூல் கிளாஸ், காசுக்கு வொர்த்தா?

நேரா மார்க்கே போட்டுடறேன், டீச்சருக்கு அஞ்சுக்கு அஞ்சு, பாதுகாப்புக்கு நாலு, டைமிங்குக்கு ஒண்ணு, அந்த லேமினேட் பண்ண கார்டுக்கெல்லாம் முட்டை.

நாங்க திருவான்மியூர்ல இருக்கோம், பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு நாலு, ரெண்டு பேரையும் ஸ்கூல்ல போடாம வீட்லதான் சொல்லித் தர்றோம். பீச்ல வெச்சே பாடம் நடத்துறாங்கன்னு ஒரு தோழி சொல்லித்தான் இந்த கிளாஸ் தெரிய வந்துச்சு. எலியட்ஸ் பீச்ல (பெசன்ட் நகர் பீச்தான்) வாரத்துல ரெண்டு நாள் காலைல, ஒரு குழந்தைக்கு மாசம் 3,500, ரெண்டாவது குழந்தைன்னா கொஞ்சம் கம்மி. 4ல இருந்து 8 வயசு வரைக்கும் ஒரு பத்து பன்னெண்டு குட்டிங்க, ரெண்டு டீச்சர். கிளாஸ் பேரு போடல. சின்ன டீம், இப்பதான் ஆரம்பிச்சிருக்காங்க, பேர் போட்டா நாலு பேர் போய் அவங்கள மொத்துவாங்க, அது எனக்கு வேண்டாம். இதே மாதிரி கிளாஸ் இசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் இப்ப நிறைய முளைச்சிருக்கு, எதுல சேர்ந்தாலும் என்ன பாக்கணும்னு தெரிஞ்சா போதும்.

முதல்ல டைமிங். 9 மணிக்கு கிளாஸ். சென்னைல 9 மணிக்கு பீச்ல என்னங்க இருக்கும்? வெயில் இருக்கும், அவ்ளோதான். கொஞ்ச நேரத்துல மணல் சுட ஆரம்பிச்சிடும், குழி நண்டு எல்லாம் உள்ள போய் படுத்துடும், போட்ல வந்த மீன் வித்து முடிஞ்சு குப்பத்துல ஆளுங்க வலைய அலசிட்டு இருப்பாங்க. ஆறு ஆறரைக்கு வந்தீங்கன்னா அதே பீச் வேற ஊரு. இத நாங்க நாலஞ்சு பேரண்ட்ஸ் சேர்ந்து சொன்னோம், "பேரண்ட்ஸ்க்கு அவ்ளோ காலைல கஷ்டமா இருக்கும் மேடம்"னு பதில் வந்துச்சு. ஹோம்ஸ்கூல் பண்றதே இந்த மணி அடிக்கிற டைமுக்கு ஓடக்கூடாதுன்னுதான், இங்கயும் அதே 9 மணின்னா என்ன அர்த்தம்? கடைசில ஒரு நாள் மட்டும் ஆறரைக்கு மாத்துனாங்க. கீழ நான் நல்லா எழுதுறது எல்லாமே அந்த ஆறரை கிளாஸ் பத்திதான், 9 மணி கிளாஸுக்கு நான் காசு கட்ட மாட்டேன்.

அடுத்து அந்த கார்டு. ஏதோ வெளிநாட்டு சைட்ல இருந்து டவுன்லோட் பண்ணி லேமினேட் போட்டு வெச்சிருக்காங்க, ஸ்டார்ஃபிஷ், சீகல், திமிங்கலம், செவப்பு வெள்ள கோடு போட்ட லைட்ஹவுஸ். இதெல்லாம் கண்டுபுடிச்சு டிக் பண்ணணுமாம். எலியட்ஸ் பீச் மணல்ல ஸ்டார்ஃபிஷ்க்கு எங்க போறது, பாவம் என் பொண்ணு அரை மணி நேரம் தேடிட்டு "அம்மா இந்த பீச் நல்லால்ல"ன்னு வந்து நிக்கிறா. காலுக்கு கீழ மட்டி ஓடு குவிஞ்சு கெடக்கு, காக்கா செத்த மீனை இழுத்துட்டு போகுது, கட்டுமரம் ஏத்தி வெச்சிருக்கு, அது எதுக்கும் கார்டுல பாக்ஸ் இல்ல. காசு வாங்கி பிரிண்ட் போடறவங்க நம்ம கரைல என்ன இருக்குன்னு ஒரு வாரம் நடந்து பாத்துட்டு போட்டிருக்கலாம்.

ஆனா அந்த ரெண்டாவது டீச்சர் பொண்ணு இருக்கே, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். கடல் உயிரியல் படிச்ச பொண்ணு, கார்டை எல்லாம் பையிலயே வெச்சிட்டு நேரா முட்டி போட்டு மணல்ல உக்காந்துடும். ஒரு நாள் காலைல பசங்க கிட்ட ஒரே ஒரு வேலைதான் குடுத்துச்சு, தண்ணி ஓரத்துல இருந்து ரோடு பக்கமா நடந்துட்டே நண்டு குழி மேல விரலை வெச்சு எந்த விரல் நுழையும்னு பாக்கணும். (விரலை உள்ள விடக்கூடாது, மேல வெச்சு அளக்கணும், கடிக்கும்.) தண்ணி கிட்ட சுண்டு விரலே போகாத குழி, மேல போகப்போக கட்டை விரல், அப்புறம் ரெண்டு விரல், அப்புறம் என் பையனோட கையே போற அளவுக்கு குழி. குட்டி நண்டு ஈரத்துக்கு பக்கத்துல இருக்கும், பெருசுங்க மேல காஞ்ச மணல்ல ஆழமா தோண்டிட்டு இருக்கும், அதான் விஷயம். அத டீச்சர் சொல்லல, பசங்களே கத்துனாங்க "மேல போனா பெருசாகுது"ன்னு. அளவை, வரிசைப்படுத்துறது, ஒப்பிடறது எல்லாம் அதுல வந்துடுச்சு, ஒர்க்‌ஷீட்ல இத சொல்லிக் குடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் அந்த அலை திரும்பி போற இடம். கொட்டைப்பாக்கு சைஸ்ல ஒரு நண்டு இருக்கு பாத்திருக்கீங்களா, கால்ல நின்னா குறுகுறுன்னு பண்ணுமே, அத கையில எடுத்து ஈர மணல்ல விட்டா எப்பவும் பின்பக்கமாத்தான் புதையும், தலை கடல் பக்கம் பாத்த மாதிரி. அலை திரும்புறப்ப ரெண்டு இறகு மாதிரி நீட்டி தண்ணில வர்ற பொடியை வடிகட்டி சாப்பிடுது. டீச்சர் ஒரு கண்ணாடி டம்ளர்ல மணலும் தண்ணியும் போட்டு அத உள்ள விட்டுச்சு, பக்கவாட்டுல இருந்து பாத்தா எப்படி தோண்டுதுன்னு தெரியுது. நாலு வயசு புள்ள, வீட்ல ரெண்டு நிமிஷம் ஒரு இடத்துல உக்காராது, அந்த டம்ளர் முன்னாடி குப்புற படுத்து கெடந்துச்சு. பாத்து முடிச்சதும் எடுத்த இடத்துலயே விட்டுடணும், அதுல கண்டிப்பு. பாட்டில்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு போக விடல, அது எனக்கு ரொம்ப புடிச்சுது.

கருப்பு மணல் விஷயமும் செம. எலியட்ஸ்ல சில நாள் மணல் மேல கருப்பு கருப்பா கோடு கெடக்கும், நான் அழுக்குன்னுதான் நெனப்பேன். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி அதுல ஓட்டுனா கருப்பு துகள் மீசையாட்டம் ஒட்டிக்குது, இரும்பு கலந்த தாதுவாம், கனமா இருக்கறதால அலை லேசான மணலை மட்டும் இழுத்துட்டு போய் இத விட்டுட்டு போயிடுமாம். கவரை உருவுனா பொத்துன்னு விழுந்துடும். 40 ரூபா காந்தம்ங்க, இதுக்கு கிளாஸே வேண்டாம், நீங்களே பண்ணலாம்.

இன்னொரு நாள் அலை ஏறி இறங்குற இடத்துல கல்லை அடுக்கி குட்டி சுவர் கட்ட சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு பக்கம் மணல் சேருது, மறுபக்கம் அரிச்சுட்டு போகுது. அத வெச்சே சென்னை துறைமுகம் கதை. 1870கள்ல அத கட்ட ஆரம்பிச்ச அப்புறம்தான் தெற்கு பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இவ்ளோ அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரிச்சு கல் கொட்டி வெச்சிருக்கு. நான் சென்னைலயே பொறந்து வளந்தவ, எனக்கே இது இப்பதான் புரிஞ்சுது.

பக்கத்துல இருக்கிற மீனவர் குப்பம், ஊரூர் குப்பம் பக்கம் போனதுதான் கிளாஸ்ல உச்சம், ஆனா அது சிலபஸ்லயே இல்ல, அந்த பொண்ணு தானா கூட்டிட்டு போச்சு. மீன் விக்கிற அக்கா எடை போட மாட்டாங்க, கூறு கட்டி வெச்சிருப்பாங்க. என் பையன் ஒரு கூறுல எத்தனை சங்கரான்னு எண்ணுனான், ஏழு. "ரெண்டு கூறு எத்தன கண்ணு?"ன்னு அக்கா கேட்டாங்க, விரல் விட்டு பதினாலுன்னான். "கொசுறு ஒண்ணு போட்டா?" அவன் யோசிக்கிறதுக்குள்ள அக்கா ஒரு மீனை தூக்கி போட்டுட்டு சிரிச்சாங்க, "இப்ப எண்ணிக்கோ." வீட்டுக்கு வந்து மாமியார் கிட்ட கொசுறு கதைய நாள் பூரா சொல்லிட்டே இருந்தான். வலை பின்னிட்டு இருந்த ஒரு தாத்தா கொட்டாங்கச்சிய தண்ணில போட்டு காட்டுனாரு, நீரோட்டம் தெக்கே இருந்து வடக்க போனா தெண்டி, வடக்கே இருந்து தெக்க வந்தா வன்னி. இப்ப எந்த பீச் போனாலும் என் பசங்க முதல்ல ஏதாவது மிதக்கிற சாமானை தூக்கி போட்டு தெண்டியா வன்னியான்னு சண்டை. இப்படிப்பட்ட ஆளுங்களுக்கு கிளாஸ் நடத்துறவங்க ஒரு தொகை குடுத்து ரெகுலரா வர வெச்சா கார்டு பிரிண்ட் பண்ற காசு மிச்சம்.

2025 ஜனவரில சென்னை பக்கம் ஆயிரத்துக்கும் மேல ஆமை செத்து ஒதுங்குச்சே, அப்ப எங்க கிளாஸ் நடக்கிற இடத்துலயும் ஒண்ணு கெடந்துச்சு. மத்த டீச்சர் பசங்கள வேற பக்கம் திருப்பிட பாத்தாங்க. இந்த பொண்ணு தள்ளி நிக்க வெச்சு பாக்க விட்டுச்சு. பெரியவன் கேட்டான், "அது நீந்தும்ல, எப்படி தண்ணில மூழ்கி சாகும்?" ஆமைக்கு நம்மள மாதிரி நுரையீரல், மூச்சு விட மேல வந்தே ஆகணும், படகு இழுத்துட்டு போற இழுவலைல மாட்டிக்கிட்டா மேல வர முடியாது, இத அப்படியே சொல்லிச்சு, சாமி கிட்ட போயிடுச்சுன்னு எல்லாம் பூசி மெழுகல. கரைல இருந்து 5 நாட்டிகல் மைலுக்குள்ள இழுவலை போடக்கூடாதுன்னு சட்டம் இருக்குன்னும் சொல்லிச்சு. "அப்ப ஏன் போடறாங்க?" அதுக்கு பெரியவங்க யார்கிட்டயும் பதில் இல்ல. சில பேரண்ட்ஸ்க்கு இது புடிக்கல, சின்ன பசங்க கிட்ட இதெல்லாமான்னு. எனக்கு புடிச்சுது.

பாதுகாப்பு பத்தி. மணல்ல கயிறு போட்டு கோடு, அத தாண்டி தண்ணி பக்கம் போனா டீச்சர் கை புடிச்சுத்தான் போகணும், கணுக்காலுக்கு மேல தண்ணி கூடாது, விசில் அடிச்சா எல்லாரும் ஓடி வந்து துணி மேல உக்காரணும். ஸ்ட்ரிக்டா ஃபாலோ பண்றாங்க. நம்ம கரை சரிவா இருக்கும், இழுப்பும் ஜாஸ்தி. அங்க நிக்கிற வெள்ள வளைவு, ஷ்மிட் நினைவுச்சின்னம், நாம எல்லாரும் போட்டோ எடுக்கிற இடம், அது 1930ல மத்தவங்கள காப்பாத்த போய் இதே கடல்ல மூழ்கி செத்த டென்மார்க்காரருக்காக கட்டுனது. அத பசங்களுக்கு சொன்ன அப்புறம் கயிறை தாண்ட ஒருத்தனும் கேக்கல. ஒரு மார்க் ஏன் குறைச்சேன்னா மழை பெஞ்ச மறுநாளும் கிளாஸ் வெச்சாங்க. அடையாறு முகத்துவாரம் பக்கத்துலயே இருக்கு, ஆத்துல வர்ற சாக்கடை எல்லாம் அங்கதான் கலக்கும், மழைக்கு அப்புறம் ரெண்டு மூணு நாள் பசங்கள அந்த தண்ணில விடக்கூடாது. செருப்பு கட்டாயம்னு அவங்க சொல்லல, நீங்க போட்டு விடுங்க, உடைஞ்ச பாட்டில் துண்டும் நாய் அசிங்கமும் நிறைய. சொறி (ஜெல்லி மீன்) ஒதுங்குற நாள்ல கையால தொட விடாதீங்க, பட்டுட்டா நல்ல தண்ணி ஊத்தாம கடல் தண்ணிலயே கழுவிட்டு டாக்டர் கிட்ட போங்க, தேய்க்காதீங்க.

டாய்லெட் பெரிய தலைவலி. நாலு வயசு புள்ளைக்கு "கொஞ்சம் அடக்கிக்கோ"ன்னு சொல்ல முடியுமா. ஒரு தடவ இசிஆர்ல இருக்கிற கோவளம் ப்ளூ ஃப்ளாக் பீச்ல (சுத்தத்துக்கும் வசதிக்கும் குடுக்கிற சர்வதேச சான்று வாங்குன பீச்) கிளாஸ் வெச்சாங்க, அங்க டாய்லெட், குளிக்கிற இடம், உயிர்காக்கும் ஆளுங்க எல்லாம் இருக்கு, அம்மாக்கள் எல்லார் மூஞ்சிலயும் அன்னிக்குத்தான் நிம்மதி. ஆனா தூரம், பெட்ரோல், காலைல இசிஆர் ட்ராஃபிக்.

இன்னொரு குறை, கேக்காமயே பசங்க மூஞ்சி தெரியற போட்டோவை இன்ஸ்டால போட்டுட்டாங்க. சொன்னதும் எடுத்துட்டாங்க, ஆனா ரெண்டு தடவ சொல்ல வேண்டி இருந்துச்சு. சேரும்போதே எழுத்துல வாங்கிக்கோங்க.

சொந்தக்காரங்க கேக்கறது ஒண்ணுதான், "மணல்ல வெளையாடறதுக்கு காசா, சர்டிபிகேட் எங்க?" என்ஐஓஎஸ்ல (மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி) ஓபிஇன்னு ஸ்கூல் போகாத பசங்களுக்கான அடிப்படைக் கல்வி ஒண்ணு இருக்கு, ஏ லெவல்னா மூணாம் கிளாஸுக்கு சமம், பி அஞ்சு, சி எட்டு. பத்தாவதும் அங்கயே எழுதலாம், 14 வயசு ஆகணும். நாலு வயசுக்கு இப்பவே அத யோசிச்சு தூக்கம் கெடுத்துக்காதீங்க. அதே பெசன்ட் நகர் பக்கத்துல அடையாறு தியாசபிகல் சொசைட்டிக்கு 1939ல மாண்டிசோரி ஸ்கூல் முறைய உருவாக்குன மரியா மாண்டிசோரியே வந்து டீச்சர்களுக்கு பயிற்சி குடுத்தாங்க, பசங்க கையால தொட்டு கத்துக்கணும்னு அவங்க சொன்னதுக்கு இன்னிக்கு சிட்டில லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டறோம், பீச்ல அதையே பண்ணா மட்டும் வெளையாட்டுன்னு சொல்றோம்.

சரி, சேரலாமா? ஒரே புள்ள, வீட்ல பேச்சுத்துணை இல்ல, கூட பசங்க வேணும்னா சேருங்க, அந்த பொண்ணு இருக்கிற பேட்ச்சான்னு கேட்டுட்டு சேருங்க. ரெண்டு மூணு குடும்பம் சேர்ந்து காலைல ஆறரைக்கு போக முடியும்னா ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், டீ வடிகட்டி, கண்ணாடி டம்ளர் போதும், மாசாமாசம் காசு கட்டத் தேவையில்ல, மிச்ச காசுல குப்பத்துல மீன் வாங்குங்க. ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் வெயில் கொளுத்தும், அந்த பேட்ச்ல சேராதீங்க. ஜனவரி பேட்ச் பாருங்க. சூரியனே ஆறரைக்கு பக்கமாத்தான் வரும், அதனால பசங்கள அஞ்சு மணிக்கு எழுப்பி அழ வைக்க வேண்டாம், பிப்ரவரி மார்ச்ல முட்டை பொரிஞ்சு ஆமைக்குட்டி விடறதையும் பாத்துடலாம், அதுக்கு வனத்துறை பொரிப்பகத்துல கேட்டா போதும், ஃபீஸ் கிடையாது.