மூன்று லேயர் செராமிக் கோட்டிங், ஐந்தே வாஷில் காலி

நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். காருக்குச் செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு) போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் பணம் கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை, கேட்காதீர்கள். போட்டால் நாளைக்கே வேறு போர்டு மாட்டிக்கொண்டு இதே வேலையைச் செய்வார்கள்.

என் கார் கறுப்பு. கறுப்பு வைத்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கழுவி முடித்த ஐந்து நிமிடம் கண்ணாடி மாதிரி இருக்கும், வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். மூன்று வருடமாகக் காய்ந்த தூசி மேல் கையில் கிடைத்த துணியைப் போட்டுத் துடைத்ததன் பலன் அது. நைசான உப்புத்தாளால் தினமும் தேய்த்ததற்குச் சமம், அந்தத் தப்பு என்னுடையதுதான். அதைச் சரிசெய்துவிட்டு, இனிமேல் வராமல் இருக்க ஒரு கோட்டிங் போட்டுவிடலாம் என்றுதான் போனேன்.

"மூணு லேயர் 9எச் செராமிக் சார், அஞ்சு வருஷம் வாரண்டி, கீறலே விழாது" என்றார் கடைக்காரர். ஒரு சாம்பிள் பானட்டில் மார்க்கரால் கிறுக்கி, துணியால் ஒரே இழுப்பில் துடைத்தும் காட்டினார். நான் கிறங்கிப்போனேன். அந்த 9எச் என்பது என்ன என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். அது பென்சில் கணக்கு. 9பி-யில் ஆரம்பித்து 9எச் வரைக்கும் கடினம் கூடிக்கொண்டே போகும் பென்சில்களால் பெயிண்டின் மேல் அழுத்திக் கோடு போட்டுப் பார்க்கும் ஒரு சோதனை. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலில் 9 என்றால் மாணிக்கம், நீலக்கல் வகை. இரண்டையும் ஒன்றுபோலப் பேசித்தான் வியாபாரம் நடக்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸே மோஸ் கணக்கில் 7. உண்மையான கோட்டிங்கே பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்தான் இருக்கும், அதன் மேல் மண் துணியை வைத்துத் தேய்த்தால் கீறல் விழாமல் என்ன செய்யும்? கழுவச் சுலபம், அழுக்கு ஒட்டாது, ரசாயனத்தை ஓரளவு தாங்கும், பளபளப்பு நீடிக்கும். நல்ல கோட்டிங் கொடுப்பது இவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம். கீறலே விழாது என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

காலை பத்து மணிக்கு விட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்கு "ரெடி சார்" என்று போன் வந்தது. என்ன வேகம் என்று சந்தோஷப்பட்டேன், சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முறையாகச் செய்தால் முதலில் கழுவி, பெயிண்டில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் அடித்து (அது ஊதா நிறமாக மாறி வழியும், நாற்றம் தாங்காது), களிமண் கட்டி (ஒட்டிய அழுக்கை உருவியெடுக்கும், பிசைந்த மாவு மாதிரி ஒன்று) போட்டு உருவி, அப்புறம் கீறலைப் பார்த்து ஒன்றோ இரண்டோ கட்டமாகப் பாலிஷ் போட்டு, பாலிஷின் எண்ணெயை ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, அதற்குப் பிறகுதான் கோட்டிங். என் கார் இருந்த நிலைமைக்குப் பாலிஷுக்கே ஒரு முழு நாள் போயிருக்க வேண்டும். மூன்று லேயர் என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் காத்திருக்கவும் வேண்டும்.

இதைவிடப் பெரிய தடயம் என் கண் எதிரிலேயே இருந்தது. கார் எடுக்கப் போனபோது அவரே ஒரு மக் தண்ணீரைப் பானட் மேல் ஊற்றிக் காட்டினார். முத்து முத்தாக உருண்டு ஓடியது, நானும் வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். புதிதாகப் போட்ட செராமிக் கோட்டிங் மேல் குறைந்தது அரை நாள், பலர் சொல்வது ஒரு முழு நாள், தண்ணீரே படக் கூடாது. ஷாம்பு ஒரு வாரத்துக்குக் கூடாது. போட்ட அன்றைக்கே தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறார் என்றால், காய வேண்டிய எதுவும் அந்தக் காரில் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் உருள்வதும் ஒரு சாட்சி இல்லை, சாதாரண மெழுகு பூசினாலும் அப்படித்தான் உருளும்.

மூன்று வாஷ் வரைக்கும் ஜோராக இருந்தது. ஐந்தாவது வாஷ் முடிந்து வெயிலில் நிறுத்தியபோது பழைய வட்டக் கீறல்கள் ஒன்று விடாமல் திரும்பி வந்திருந்தன. கூடவே புதிதாக ஒன்று: பானட் முழுக்க மெஷின் வளைந்து வளைந்து போன தடம், தலையை அசைத்தால் கூடவே நகர்கிற மாதிரி மினுக்கிக்கொண்டு. இதை ஹாலோகிராம் என்கிறார்கள். கம்பளி பேடும் காம்பவுண்ட் என்கிற கரடுமுரடான தேய்ப்புப் பசையும் வைத்து ரோட்டரி மெஷினை (ஒரே அச்சில் சுழலும் பாலிஷ் மெஷின்) ஓட்டிவிட்டு, மேலே நைசான பாலிஷ் போடாமல் விட்டால் வருவது.

நடந்தது என்ன என்றால், கீறலை எடுக்கவில்லை, அடைத்திருக்கிறார்கள். கிளேஸ் என்று ஒரு வகை இருக்கிறது, எண்ணெயும் மெழுகும் ஃபில்லரும் கலந்தது. கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வெளிச்சம் சிதறாது, கண்ணுக்குக் கீறல் தெரியாது. நாலு முறை ஷாம்பு போட்டால் கரைந்து போய்விடும். பழைய கார் விற்பவர்கள் செய்கிற வேலை இது, அதை செராமிக் விலைக்கு எனக்குச் செய்திருக்கிறார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, இன்னும் கொஞ்சம் பளபளப்பு மிச்சமிருந்த டிக்கி மூடியில் ஓர் ஓரமாகத் துடைத்துப் பார்த்தேன். துடைத்த இடத்தில் மட்டும் கீறல்கள் பளிச்சென்று எழுந்து வந்தன. இறுகிய கோட்டிங்கை அந்தக் கலவை ஒன்றும் செய்யாது.

கடைக்குப் போனால், "நீங்க வாஷ் பண்ண முறை தப்பு சார்." என்ன ஷாம்பு, எந்தத் துணி, எங்கே நிறுத்துகிறீர்கள் என்று என்னையே விசாரித்தார். வாரண்டி கார்டை எடுத்து நீட்டினேன், திருப்பிப் படிக்கச் சொன்னார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: கீறல், பறவை எச்சம், தண்ணீர்க் கறை, மரப் பிசின் எதற்கும் வாரண்டி கிடையாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே பணம் கட்டி மெயின்டனன்ஸ் செய்தால்தான் கார்டே செல்லும். அப்படியானால் எதற்குத்தான் வாரண்டி என்று கேட்டேன். "பளபளப்பு குறைஞ்சா சார்" என்றார். யார் அளப்பது? அவர்தான். சரி, என் காருக்குப் போட்ட பாட்டிலைக் காட்டுங்கள் என்றேன், ஒரு பெரிய கேனைக் காட்டினார். கையால் பூசும் கோட்டிங் 30 மில்லி, 50 மில்லி என்று சின்னப் பாட்டிலில்தான் வரும், திறந்துவிட்டால் காற்றின் ஈரம் பட்டே கெட்டியாகிவிடும். கேனில் வைத்து மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருக்கிற சரக்கு இல்லை அது.

இதுவரை பணம் போன கதை. அதைக்கூட மறந்திருப்பேன்.

வேறு ஒரு டீடெய்லரிடம் (இதே மாதிரி பாலிஷ், கோட்டிங் வேலை செய்பவர்) காட்டலாம் என்று போனேன். அவர் முதலில் பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டரைத்தான் எடுத்தார். கூரையிலும் கதவுகளிலும் 118-லிருந்து 124 மைக்ரான். பானட் நடுவில் 100. பானட்டில் ஒரு மடிப்புக் கோடு ஓடும், அதன் முனையில் 82. தொழிற்சாலையிலேயே அந்த இடம் மெல்லிசாக வந்திருக்கலாமே என்று நானே கேட்டேன், ஆறுதலுக்காக. அவர் வைப்பருக்குக் கீழே, மெஷின் எட்டாத ஓரத்தில் வைத்துக் காட்டினார்: 119. ஒரு தலைமுடியே சுமார் 70 மைக்ரான். தகட்டுக்கு மேல் பிரைமர், கலர், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட், எல்லாம் சேர்ந்துதான் இந்த நூற்றுச் சொச்சம். அதில் கிளியர் கோட்டின் பங்கு நாற்பது, ஐம்பது மைக்ரான் இருந்தால் அதிகம். வெயிலிலிருந்து கலரைக் காப்பாற்றுவது அதுதான். ஒழுங்கான பாலிஷ் ஒன்று இரண்டு மைக்ரான் எடுக்கும். என் பானட்டின் நடுவிலேயே ஏறக்குறைய இருபது போயிருக்கிறது, மடிப்பில் அதைவிட அதிகம். வழிந்த கிளேஸுக்குக் கீழே இப்படி அரைத்துவைத்திருக்கிறார்கள், அதுவும் கீறலை எடுக்காமலே.

மடிப்பில் அவர் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு லேசாகத் தேய்த்தார், துணி கறுப்பானது. கிளியர் கோட் இருக்கிற காரில் துணியில் கார் கலர் வரவே கூடாது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது: அன்றைக்கு மதியம் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தபோது மெஷினில் மாட்டியிருந்த பேட் ஒரு பக்கம் கன்னங்கரேலென்று இருந்தது. அழுக்கு எப்படி வருகிறது பாருங்கள் என்று மெஷின் ஓட்டிய பையனிடம் பாராட்டாகவே சொன்னேன்.

நீங்கள் போவதாக இருந்தால், மெஷினை வைப்பதற்கு முன்பே உங்கள் எதிரில் எல்லாப் பாகத்தையும் மீட்டரால் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள், முடிந்த பிறகும் அதே இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் காட்டாது, அதைச் சாக்காக வைத்து மற்றதையும் தட்டிக்கழிக்க விடாதீர்கள். ஒரு கதவில் நடுவில் டேப் ஒட்டி ஒரு பாதிக்கு மட்டும் பாலிஷ் போட்டு, ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அவ்வளவுதான். நகம் வைத்தால் சிக்குகிற ஆழக் கீறலை "அதையும் எடுத்துடுங்க" என்று நீங்களே ஆசைப்படாதீர்கள், அதைத் துரத்தித்தான் முக்கால்வாசி கிளியர் கோட் போகிறது. சீல் உடைக்காத பாட்டில், எத்தனை நாள் வேலை, கார்டின் பின்பக்கம், மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். டெஃப்லான் கோட்டிங் என்று இன்னும் மலிவாக ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். டெஃப்லான் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும், கையால் பூசித் துடைத்தால் அது காரில் போய்ப் பிடித்துக்கொள்ளாது, நீங்கள் வாங்குவது மெழுகுதான்.

என் பானட்டுக்கு இருக்கும் வழிகள் இரண்டும் பிடிக்கவில்லை. மறுபடி பெயிண்ட் அடித்தால் மீட்டரில் 200-க்கு மேல் காட்டும், நாளைக்குக் காரை விற்கப் போனால் வாங்குகிறவர் எங்கே இடித்தீர்கள் என்று கேட்பார். மேலே பெயிண்டைக் காக்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டலாம், ஆனால் மெலிந்த மடிப்பில் ஒட்டி என்றைக்காவது உரிக்கும்போது பெயிண்டும் கூட வந்துவிடுமோ என்று பயம். இப்போதைக்கு நிழலில் நிறுத்துகிறேன், இரண்டு பக்கெட் (ஒன்று ஷாம்புக்கு, ஒன்று துணியை அலச) வைத்து நானே கழுவுகிறேன், மெஷின் பக்கம் போகாமல் கையால் மெழுகு போடுகிறேன்.

நேற்று அந்தக் கடையிலிருந்து மெசேஜ் வந்தது. ஆறு மாத மெயின்டனன்ஸ் நெருங்கிவிட்டதாம், சீக்கிரம் புக் செய்தால் பானட்டுக்கு ஒரு பாலிஷ் இலவசமாம்.