அட்டனில் வாங்கிய சோலார் செட்: மேல்கணக்குக்குச் சரிவருமா?

கரண்ட் கம்பி எட்டாத மேல்கணக்கு (மலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவு) வீட்டுக்காக அட்டனில் ஒரு கடையில் வாங்கினோம். 50 வாட் பேனல், 12 வோல்ட் 20 ஆம்பியர்-அவர் ஈய அமில பெட்டரி, 5 வாட் பல்பு மூன்று. பெட்டியில் ஒட்டகமும் மணல்மேடும் படம் போட்டிருக்கிறார்கள், தார் பாலைவனத்துக்கு அது சரி, நமக்கு மே பிறந்தால் தென்மேல் பருவமழையும் மூட்டமும்தான், பேனலில் பத்து வாட் வந்தாலே பெரிய விஷயம். ஆனால் சூட்டில்தான் பேனலின் வோல்டேஜ் இறங்கும், குளிரில் இறங்காது, அதனால் பெப்ரவரி வெயிலுக்கு சார்ஜ் மளமளவென்று ஏறுகிறது.

பெட்டரி மேல்தான் கோபம். இந்த வகையைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆக 12-ஐ 20ஆல் பெருக்கி வரும் 240 வாட்-அவரில் 120தான் கைக்கு. மூன்று பல்பும் நாலு மணிநேரம் எரிய 60 வாட்-அவர், அப்புறம் போன் சார்ஜ், அவ்வளவுக்குப் போதும். "டீவியும் ராவெல்லாம் ஓடும் அண்ணே" என்று கடைக்காரத் தம்பி சொன்னது சும்மா. ஈரத்தில் வயர் மாட்டும் இடத்தில் பச்சைக் களிம்பு வேறு பூத்துவிட்டது, சுரண்டி வாஸ்லின் தடவ வேண்டியிருந்தது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பெட்டரியோடு கிடைத்தால் விலை கூடினாலும் அதையே எடுங்கள், பில்லில் வாரண்டி எழுதி சீல் வைக்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.