பெங்களூரு அல்சூர் சனிக்கிழமை தேவார வகுப்பு: ஆறு வாரம் போயிட்டு எழுதுறேன்

என் பொண்ணு நாலாவது படிக்கிறா. ஒரு நாள் ராத்திரி "அம்மா, சாமின்னா யாரு, எப்படி இருக்கும்"னு கேட்டா. பூஜை ரூம் படத்தக் காட்டினேன், "அது யாரோ வரைஞ்சது தானே"ன்னுட்டா. எனக்கு பதில் வரல. அந்தக் கேள்வி மனசுல கெடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதான் அல்சூர்ல ஒரு வீட்டு மாடில நடக்கிற இந்த வகுப்புல சேர்ந்தேன். ஒயிட்ஃபீல்டுலருந்து மெட்ரோ பர்ப்பிள் லைன்ல நேரா வந்து இறங்கி நடந்துடலாம். ஆறு வாரத்துக்கு 600 ரூபா.

மொத ரெண்டு வாரம் பண், தாளம்னு போச்சு, சுமார்தான். மூணாவது வாரம் பாடம் எடுக்கிற ஐயா, தேவாரத்துல அப்பர் பாடின ஆறாம் திருமுறைக்கு வந்தாரு பாருங்க, அதுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு. அதுல ஒரு பதிகம் (பாட்டுத் தொகுப்பு) ஆரம்பிக்கிறதே கேள்வியாதான், கழுத்து கறுத்திருந்துச்சா, கண்ணுக்கு மேல இன்னொரு கண்ணு இருந்துச்சா, எங்க சாமிய நீங்க எப்படிப் பாத்தீங்க சொல்லுங்கன்னு, காணாமப் போனவங்கள தேடுறவங்க ஊரெல்லாம் அடையாளம் சொல்லி விசாரிப்பாங்கல்ல அந்த மாதிரி. அப்புறம் அதே பதிகத்துல "இப்படியன் இந்நிறத்தன் இவ்வண்ணத்தன் இவனிறைவன் என்றெழுதிக் காட்டொணாதே"ங்கிறாரு. எழுதிக் காட்ட முடியாதாம். அவன் அருளையே கண்ணா வச்சுப் பாத்தாத்தான் உண்டுன்னு அதுக்கு முந்தின வரில ஒரு வாசலையும் தெறந்து வச்சிருக்காரு. ஐயா இந்த ஒரு பாட்டுக்கே ரெண்டு மணி நேரம் எடுத்தாரு, யாரும் எந்திரிக்கல. பெருமாளைப் பாடின திருவாய்மொழிலயும் நம்மாழ்வார் ஆணும் இல்ல பெண்ணும் இல்லன்னு அடுக்கிட்டே போயி அவனைச் சொல்றதே பெரும்பாடுன்னு முடிக்கிறாருன்னு காட்டினப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, பதில் தெரியாம நின்னது நான் மட்டும் இல்லன்னு.

குறைன்னா கடைசி வாரம். அன்செல்ம்னு 11ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவத் துறவி, எதவிடப் பெரிசா ஒண்ண நெனச்சே பாக்க முடியாதோ, அதான் கடவுள்னு சொன்னாரு. அத இருபது நிமிஷத்துல ஓட்டிட்டாங்க. அது கடவுளைச் சொல்லுதா, நம்ம நெனப்பு எங்க போயி நிக்குதுன்னு சொல்லுதான்னு கேக்கணும்னு இருந்தேன், நேரமே குடுக்கல. வகுப்பு நேரத்த மாத்தினா வாட்ஸப்ல முன்கூட்டியே சொல்லணும், ரெண்டு தடவ பூட்டின கதவப் பாத்துட்டு திரும்பினேன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். அடுத்த பேட்ச் மாணிக்கவாசகராம். பொண்ணையும் கூட்டிட்டுப் போறேன், அவ கேள்விய அவளே ஐயாகிட்ட கேக்கட்டும்.