ஒளிரும் வாள வீட்டுலயே செய்யணும்னா எந்த பிளேடு, எந்த சவுண்டு போர்டு?

ஸ்டார் வார்ஸ் படத்துல வர்ற லைட்சேபர் மாதிரி வாளத்தான் சொல்றேன். சுவிட்ச் போட்டா வெளிச்சம் அடியிலேர்ந்து நுனி வரைக்கும் சர்ருனு ஏறணும், வீசினா ‘வ்வூம்’னு இரையணும், இன்னொரு வாள்ல மோதினா ‘சட்’டுனு மின்னணும். எல்லாரும் கேக்கறது இந்த மூணுதான். இதச் செய்ய இப்ப நாலஞ்சு வழி இருக்கு, வீடியோல பாத்தா எல்லாமே ஒண்ணு போலத்தான் தெரியும், ஆனா ஒண்ணுல கிடைக்கறது இன்னொண்ணுல கிடைக்காது. அதனால பெங்களூரு எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு கிளம்பறதுக்கு முன்னாடியே எது வேணும்னு முடிவு பண்ணிக்கோங்க, அங்க போய் கவுண்டர் முன்னாடி நின்னு யோசிச்சா கடைக்காரர் கைல எது ஸ்டாக் இருக்கோ அதத்தான் தலைல கட்டுவார்.

என் கட்சிய முதல்லயே சொல்லிடறேன். எல்லாரும் எல்இடிக்குத்தான் மண்டைய ஒடச்சிக்கறாங்க, ஆனா கைல எடுத்து வீசறப்போ அது பொம்மையா நெஜமாங்கறத முடிவு பண்றது சத்தம்தான், இன்னும் சரியா சொன்னா சத்தம் குடுக்கற சர்க்யூட் போர்டால ஒரே நேரத்துல ரெண்டு மூணு சத்தத்தக் கலந்து குடுக்க முடியுமா முடியாதாங்கறதுதான். அது வரட்டும், பிளேட முதல்ல பாத்துடுவோம்.

பிளேடுல ரெண்டு வழி. ஒண்ணு, கைப்பிடிக்குள்ள ஒரே ஒரு 3 வாட் எல்இடி, கீழ சூட்ட இழுக்கற ஹீட்சிங்க், மேல லென்ஸ், அவ்ளோதான். பிளேடு வெறும் காலி டியூப், உள்ள வெளிச்சத்த பரப்பற டிஃப்யூசர் ஷீட்ட சுருட்டி விட்டு நுனில பளபளன்னு ஒரு ரிஃப்ளெக்டர் ஒட்டணும். இன்னொண்ணு டியூப் முழுக்க பிக்சல் ஸ்ட்ரிப், அதாவது ஒவ்வொரு எல்இடியயும் தனித்தனியா கண்ட்ரோல் பண்ண முடியற பட்டை, டபிள்யூஎஸ் 2812பி, மீட்டருக்கு 144 எல்இடி இருக்கற டைப். ரெண்டு ஸ்ட்ரிப்ப முதுகோட முதுகு ஒட்டி உள்ள விடணும், ஒண்ணு மட்டும் விட்டா ஒரு பக்கம் பளிச்சுனு இருக்கும் மறுபக்கம் இருட்டா இருக்கும்.

அழகுல பிக்சல்தான் ஜெயிக்கும், பேச்சே இல்ல. வெளிச்சம் படிப்படியா ஏறறது, அடிபட்ட எடத்துல மட்டும் மின்னல் அடிக்கறது, நெருப்பு மாதிரி தத்தளிக்கறது எல்லாம் அதுல மட்டும்தான் நடக்கும். கைப்பிடி எல்இடில மொத்தமா பொசுக்குனு எரியும், நுனிப் பக்கம் கொஞ்சம் மங்கலாவும் இருக்கும். ஆனா பசங்க டமால் டமால்னு அடிச்சி வெளையாடற வாள்னா நான் கண்ண மூடிக்கிட்டு கைப்பிடி எல்இடிதான் சொல்லுவேன், பிளேடுக்குள்ள ஒடையறதுக்கு ஒண்ணுமே இல்லயே. பிக்சல்ல டேட்டா ஒரு எல்இடிலேர்ந்து அடுத்ததுக்கு கைமாறித்தான் போகுது, நடுவுல ஒண்ணு செத்தா அதுக்கு மேல இருக்கறது எல்லாம் போச்சு.

அடுத்தது கரண்ட். ஒரு பிக்சல் முழு வெள்ளைல 60 மில்லி ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். 80 செ.மீ. பிளேடுக்கு ஒரு பக்கம் 115, ரெண்டு பக்கமும் சேத்து 230, அப்ப கணக்குப்படி 13.8 ஆம்பியர். நீலம் மட்டும் பச்சை மட்டும்னு ஒரே கலர்ல ஓட்டினாகூட நாலரை ஆம்பியர் வருது. எல்லாரும் வாங்கற அந்த குட்டி டிபி 4056 சார்ஜர் மாட்யூல் இருக்கே, கரண்ட் ஏறினா வெட்டி விடற அதோட ப்ரொடெக்ஷன் சுமார் 3 ஆம்பியர்லயே கைய விரிச்சிடும். வாள் எரிஞ்சி ஒரு நொடில அணைஞ்சா பாதி பேரு ப்ரோக்ராம் கோடுல தப்பு தேடிட்டு உக்காந்திருப்பாங்க, கோடுல ஒண்ணும் இருக்காது. நல்ல கரண்ட் குடுக்கற ஹை டிஸ்சார்ஜ் 18650 லித்தியம் செல் வாங்குங்க, ஸ்ட்ரிப்புக்கு போற ஒயர தடிமனா போடுங்க, கோடுல ப்ரைட்னஸ்ஸ கொறச்சி வெய்ங்க, சார்ஜுக்கு செல்ல வெளிய எடுத்து தனி சார்ஜர்ல போடுங்க. அப்பறம் 9900 எம்ஏஹெச்னு பிரிண்ட் பண்ண செல் கண்ணுல படும், அந்த சைஸ் செல்லுக்கு நல்ல கம்பெனிலயே 3500 பக்கம்தான் வரும், மிச்சமெல்லாம் ஸ்டிக்கர்.

இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு. ஸ்ட்ரிப்புக்கு 5 வோல்ட் பூஸ்டர் தேவையே இல்ல, ஒரே லித்தியம் செல்லோட 3.7 வோல்ட்லயே எரியும், செல் இறங்க இறங்க வெள்ளையும் நீலமும் கொஞ்சம் மங்கும், அவ்ளோதான். இன்னொரு லாபம், ஸ்ட்ரிப்புக்கு டேட்டா சிக்னல் சப்ளைல 70 சதவீதமாவது இருக்கணும். 5 வோல்ட்ல ஓட்டினா 3.5 வேணும், பின்னாடி நான் சொல்லப் போற ஈஎஸ்பி 32 கன்ட்ரோலர் குடுக்கறது 3.3, ஒதைக்கும். ஃபுல் சார்ஜ் 4.2ன்னே வெச்சாலும் 2.94 போதும், சிக்னல் வோல்டேஜ ஏத்தற லெவல் ஷிஃப்டர் மிச்சம். சப்ளைல 1000 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணும், டேட்டா ஒயர்ல 330 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணும் போட்டுடுங்க, அதுல கஞ்சத்தனம் வேணாம்.

டியூபுக்கு அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டான்னு கேட்டா, மோதப் போறீங்கன்னா அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், அது சில்லு சில்லா ஒடையும், மொனை கத்தி மாதிரி இருக்கும். ஓசி வழி ஒண்ணு இருக்கு, ஃப்யூஸ் போன டி8 எல்இடி ட்யூப்லைட். டி8னாலே விட்டம் ஒரு இன்ச்தான், உள்ள இருக்கற ஸ்ட்ரிப்ப உருவிட்டா பால் வெள்ளை டிஃப்யூசரோட ரெடிமேட் பிளேடு. பிளாஸ்டிக் உடம்பான்னு மட்டும் பாத்துக்கோங்க, சிலது கண்ணாடி, சிலது பாதி அலுமினியம். கைப்பிடிக்கு ஒரு இன்ச் யூபிவிசி பைப், ஷெட்யூல் 40, அதோட உள்விட்டம் 26.6 மி.மீ., மேல ரெண்டு சுத்து டேப் சுத்தினா டியூப் கச்சிதமா உக்காரும்.

இப்ப சவுண்டு.

1977ல வந்த ஸ்டார் வார்ஸுக்கு சவுண்டு டிசைனர் பென் பர்ட் இந்த சத்தத்த எப்படி செஞ்சாருன்னு தெரிஞ்சா போர்டு செலக்ட் பண்றது ஈஸி. ப்ரொஜெக்டர் மோட்டரோட ரீங்காரம், டிவியோட இரைச்சல் ரெண்டையும் கலந்து ஸ்பீக்கர்ல ஓட விட்டு, அதுக்கு முன்னாடி ஒரு மைக்க வீசி வீசி ரெக்கார்டு பண்ணார். அதாவது ரீங்காரம் நிக்கவே நிக்காது, வீச்சுக்கு ஏத்த மாதிரி அதோட ஸ்ருதிதான் மாறும். நம்ம போர்டும் அதத்தான் செய்யணும்.

ஆர்டுயினோ நானோ கன்ட்ரோலர், டிஎஃப் ப்ளேயர் மினிங்கற எம்பி 3 ப்ளேயர், அசைவ அளக்கற எம்பியூ 6050 சென்சார், இந்தக் கூட்டணியால அது முடியாது. இதுதான் எல்லாத்துலயும் மலிவு, எஸ்.பி. ரோடுல எந்த கடைல கேட்டாலும் கிடைக்கும், 3 வாட் ஆம்ப் உள்ளயே இருக்கு, மெமரி கார்டுல எம்பி 3 போட்டா பாடும். ஆனா ஒரு நேரத்துல ஒரு ஃபைல்தான். வீசினா ரீங்காரம் நிக்கும், ஒரு கேப் விழும், வீச்சு சத்தம் வரும், மறுபடி ஒரு கேப், அப்பறம் ரீங்காரம். காலிங் பெல் அமுக்கற மாதிரிதான் இருக்கும். இதயே போடறதா இருந்தா ரெண்டு விஷயம்: ப்ளேயருக்கு டேட்டா போற ஆர்எக்ஸ் ஒயர்ல 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்க, இல்லன்னா கொர்ருனு சத்தம் வரும். ஃபைல எம்பி 3னு ஒரு ஃபோல்டர்ல 0001, 0002னு பேர் வெச்சு போடுங்க, சும்மா கார்டுல கொட்டினா பேர் வரிசைல ஓடாது, காப்பி பண்ண வரிசைல ஓடும், வாள் ஆன் ஆகறப்பவே வெடிச் சத்தம் வந்துடும்.

அடுத்தது அடாஃப்ரூட் கம்பெனியோட ஆர்பி 2040 ப்ராப் மேக்கர் ஃபெதர். இதுக்குன்னே செஞ்ச போர்டு, டிஜிட்டல் சவுண்ட வாங்கற ஐ2எஸ் ஆம்ப், பிக்சலுக்கு ஸ்க்ரூ டெர்மினல், மோஷன் சென்சார் எல்லாம் ஒரே பலகைல. சோல்டரிங் பயம் இருக்கறவங்களுக்கு வரம், கோட சர்க்யூட் பைத்தான்ல எழுதலாம், ரெண்டு சத்தம் கலக்கவும் செய்யும். ஆனா அதுல இருக்கறது முடுக்கத்த அளக்கற ஆக்ஸலரோமீட்டர் மட்டும், சுழற்சி வேகத்த அளக்கற கைரோ கிடையாது. மோதினத நல்லா புடிக்கும், வாள் எவ்வளவு வேகமா சுழலுதுங்கறத சரியா சொல்லத் தெரியாது.

லைட்சேபருக்குன்னே செஞ்ச ப்ராஃபிபோர்டு இந்த ஏரியால ராஜா. அதுல ஓடற ப்ராஃபி ஓஎஸ் ஓப்பன் சோர்ஸ், ரீங்காரத்துக்கு மேல தாழ்வான வீச்சு ஒண்ணு உயர்வான வீச்சு ஒண்ணுன்னு ரெண்டு லூப்ப ஓட விட்டு கைரோ சொல்ற வேகத்துக்கு ஏத்த மாதிரி அதுங்கள மாத்தி மாத்தி கலக்கும். கேட்டா புல்லரிக்கும். ஆனா வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கணும், கஸ்டம்ஸ், கூரியர்னு விலை ஏறும். மொத்த வாளையும் உள்ளூர் சாமான்ல முடிச்சுடலாம்ங்கற அளவுக்கு அந்த போர்டு ஒண்ணே இழுத்துடும். செட்டிங்ஸ் மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் கான்ஃபிக் ஃபைல எடிட் பண்ணி கம்பைல் பண்ணணும், அது பழகினா ஒண்ணுமில்ல.

நான் நிக்கறது நடுவுல, ஈஎஸ்பி 32, மேக்ஸ் 98357 ஆம்ப், எம்பியூ 6050. மூணுமே எஸ்.பி. ரோடு சாமான், டிஎஃப் ப்ளேயர் கூட்டணிய விட கொஞ்சம்தான் கூட. ரெண்டு கோர் இருக்கு, ஒண்ணுல ஆடியோ, இன்னொண்ணுல பிக்சல். 16 பிட் மோனோ வேவ் ஃபைல் மூணத் தாராளமா கலக்கும். கைரோ இருக்கு, அதனால ப்ராஃபி பண்ற அதே வித்தைய நாமளே எழுதிக்கலாம். எழுதணும், அதான் விலை. கோடுன்னாலே அலர்ஜின்னா இந்தப் பக்கம் வராதீங்க. ஆனா பெங்களூருல அந்த சாக்கு சொல்றவங்க கம்மி, வீட்டுக்கு ஒருத்தராவது லேப்டாப்போட உக்காந்திருக்காங்க, அந்த மச்சானயோ தங்கச்சியயோ புடிச்சி எழுத வெய்ங்க.

எந்த போர்டா இருந்தாலும் 28 மி.மீ. ஸ்பீக்கர சும்மா தொங்க விடாதீங்க, முதுகுப் பக்கம் காத்து வெளிய போகாம ஒரு சின்ன டப்பா மாதிரி மூடினாத்தான் அடித்தொண்டை சத்தம் வரும். இத செய்யாம போர்டு சரியில்லன்னு சொல்றவங்க நெறைய.

அல்சூர் தமிழ்ச் சங்கத்துல நாடகத்துக்குன்னு கேட்டீங்கன்னா என் பதில் வேற, வாளுக்குள்ள சவுண்டே வேண்டாம். அந்த குட்டி ஸ்பீக்கர் சத்தம் மூணாவது வரிசைக்கே போகாது, சவுண்டு மிக்சர்ல இருக்கற அண்ணன் பட்டன அமுக்கட்டும், நீங்க காச பிக்சல்ல போடுங்க. ஒயிட்ஃபீல்டு கேடிபிஓ கண்காட்சி அரங்குல காமிக் கான் மாதிரி கூட்டத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான், அங்க ஃபோட்டோவுக்குத்தான் மவுசு. அக்கா பையன் பர்த்டேக்குன்னா கைப்பிடி எல்இடி, டிஎஃப் ப்ளேயர், முடிஞ்சுது, அவனுக்கு கேப் எல்லாம் காதுலயே விழாது. நீங்களே கைல வெச்சு ராத்திரி மொட்டை மாடில வீசிப் பாக்கத்தான் செய்றீங்கன்னா பிக்சலும் ஈஎஸ்பி 32ம்.

எடுத்துட்டு போறதயும் யோசிச்சுக்கோங்க. கைப்பிடி எல்இடி பிளேட ஒரு ஸ்க்ரூ கழட்டினா தனியா வந்துடும், பிக்சல் பிளேடுக்கு ப்ளஸ், மைனஸ், டேட்டா மூணுக்கும் ஸ்ப்ரிங் வெச்ச போகோ பின் கனெக்டர் வெச்சாத்தான் கழட்ட முடியும், அது கொஞ்சம் நுணுக்கமான சோல்டரிங். ஒயர நேரா ஒட்டிட்டா ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒயரும் செல்லும் அடச்ச பைப்பு, மெட்ரோ ஸ்கேனர்ல அத வெச்சுட்டு நீங்கதான் விளக்கம் சொல்லணும். எஸ்.பி. ரோடுக்கு கே.ஆர். மார்க்கெட் ஸ்டேஷன்ல எறங்கி நடந்துடலாம், ஞாயித்துக்கிழம மட்டும் போகாதீங்க, பெரும்பாலும் ஷட்டர் எறக்கியிருக்கும்.